ஒவ்வொரு ஞாயிறும் பூங்காவிலிருந்து அழுகையோடுதான் வருகிறோம்

கேள்வி: டாக்டர், எனக்கு 6 வயதில் ஒரு மகள், 3 வயதில் ஒரு மகன். வாரம் முழுக்க வேலை, பள்ளி என்று ஓடிவிடுவதால் ஞாயிறு மாலை மட்டும் இருவரையும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். சும்மா போய்வரக் கூடாதென்று முந்தின இரவே யோசித்து பந்து, சோப்புக் குமிழி, இலை சேகரிக்கும் விளையாட்டு என்று ஏதாவது தயார் செய்து எடுத்துப் போவேன். பெரியவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "போய் விளையாடு" என்றால் இன்னும் ஒட்டிக்கொள்வாள். சின்னவன் சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஏறுவான், சேற்றைத் தோண்டுவான், நான் கொண்டுபோனதைத் தொடவே மாட்டான். கிளம்பலாம் என்றதும் தரையில் விழுந்து புரண்டு அழுவான். இரண்டு மணி நேரம் கழித்து மூவரும் சிடுசிடுப்போடு வீடு திரும்புகிறோம். "அழவைக்கத்தான் கூட்டிப் போறியா, வீட்டிலேயே இருக்கட்டுமே" என்கிறார் கணவர். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "இன்னும் என்ன செய்ய வேண்டும்" என்ற கடைசி வரியில்தான் என் மனம் நின்றது. வாரம் முழுக்க உழைத்துவிட்டு, சனிக்கிழமை இரவும் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து திட்டம் போடுகிறீர்கள். இதற்கு மேலும் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பூங்காவில் நீங்கள் செய்வதில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படி மிச்சமாகும் தெம்பைக் கிளம்பும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதவி அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

சின்னவனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் சேற்றைத் தோண்டுவதை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். அவன் அங்கே விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான், அதுவும் அவன் வயதுக்கு மிகச் சரியான விளையாட்டை. டென்மார்க்கில் கார்ல் தியோடர் சோரன்சென் என்றொரு நிலவடிவமைப்பாளர் இருந்தார். அவர் பல விளையாட்டுத் திடல்களை அமைத்தவர். பிள்ளைகள் அந்தத் திடல்களை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும் விளையாடுவதை அவர் கவனித்தார். அதைப் பார்த்துக் கோபப்படாமல், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தார். 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில், பலகையும் கல்லும் பழைய பொருட்களும் போட்டுவைத்த ஒரு திடல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அங்கே தாங்களாகவே கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். இன்று பல நாடுகளில் உள்ள சாகசத் திடல்களுக்கு அதுதான் முன்னோடி.

உங்கள் மகனும் அதைத்தான் கேட்கிறான். சறுக்குமரத்தைப் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் பயன்படுத்த முடியும். மண், குச்சி, கூழாங்கல், தேங்கிய தண்ணீர் எல்லாம் அவன் நினைத்தபடி மாறும். குழியில் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகிறது, ஈர மண் ஏன் உருட்ட வருகிறது, காய்ந்த மண் ஏன் உதிர்கிறது என்று அவன் கைகளால் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆகவே அடுத்த முறை பந்தும் சோப்புக் குமிழியும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பழைய கிண்ணம், ஒரு கரண்டி, அழுக்கானால் கவலையில்லாத உடுப்பு, வீடு திரும்பும்போது மாற்ற இன்னொன்று, இவ்வளவு போதும். தோண்டும் இடத்தில் நாய், பூனையின் எச்சம் கிடக்கிறதா என்று முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

அப்புறம் சறுக்குமரத்தில் கீழிருந்து ஏறுவது. மேலே யாரும் காத்திருக்காதபோது ஏறட்டும். கையும் காலும் வயிற்றுத் தசையும் ஒன்றாக வேலை செய்யும் நல்ல பயிற்சி அது. "மேலே ஆள் இருந்தா ஏறக்கூடாது" என்ற ஒரே விதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். மூன்று வயதில் ஒரு விதியை நினைவில் வைக்க முடியும், பத்து விதிகளை முடியாது.

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாங்களாகத் தேடிப்போகும் துணிச்சலான விளையாட்டுகளை 2007இல் வகைப்படுத்தினார். உயரம் ஏறுவது, வேகமாகப் போவது, கட்டிப்புரண்டு மல்லுக்கட்டுவது எல்லாம் அதில் வருகின்றன. லேசான பயமும் அதைத் தாண்டிய மகிழ்ச்சியும் சேர்ந்த இந்த விளையாட்டில்தான் தன் உடம்பு எதுவரை தாங்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. என் மருத்துவ அனுபவத்தில், "விழுந்துடுவே, விழுந்துடுவே" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தைக்குக் கவனம் சிதறுகிறது. "அடுத்து காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் கண் உங்களை விட்டுக் காலுக்குப் போகும்.

ஆனால் சில விஷயங்களில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். அவனாக ஏற முடியாத உயரத்தில் அவனைத் தூக்கி வைக்காதீர்கள். தானாக ஏறத் தெரிந்த குழந்தைக்குப் பெரும்பாலும் இறங்கவும் தெரியும். தூக்கி வைக்கப்பட்ட குழந்தைக்கு அது தெரியாது. அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் சறுக்கவும் வேண்டாம். பாசத்தோடு பல பெற்றோர் செய்வது இது, ஆனால் இதனால் கால் எலும்பு முறிந்து வரும் சின்னக் குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம். குழந்தை தனியாகச் சறுக்கும்போது காலணி பக்கவாட்டில் மாட்டினால் அதன் எடை குறைவு, நின்றுவிடும். பெரியவர் மடியில் இருக்கும்போது கால் மாட்டிக்கொண்டாலும் பெரியவரின் முழு எடையும் வேகமும் கீழே இழுக்கும், கால் திருகிக்கொள்ளும். கழுத்தில் கயிறு, தொங்கும் நாடா எதுவும் இருக்கக் கூடாது, அது கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. வெயில் நாளில் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள். உலோகம் மட்டும் அல்ல, பிளாஸ்டிக்கும் தோலைச் சுடும் அளவுக்குக் காயும்.

இனி மகளைப் பற்றி. அவளைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி, ஆனால் உங்கள் கவலையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், குழந்தைகள் ஒருவரோடொருவர் எப்படியெல்லாம் விளையாடுகிறார்கள் என்று பார்த்து வகைப்படுத்தினார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது ஆகியவற்றோடு "வேடிக்கை பார்ப்பது" என்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். பார்ப்பதும் பங்கெடுப்புதான். யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் தள்ளுகிறார்கள், அந்த ஆட்டத்தின் விதி என்ன என்று அவள் படித்துக்கொண்டிருக்கலாம். ஆறு வயதுக் குழந்தை தெரியாத கூட்டத்தில் இதைச் செய்வது வழக்கமானதுதான்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட ஆய்வில், ஏறக்குறைய 15 விழுக்காட்டுக் குழந்தைகள் புதிய சூழலுக்கு மெதுவாகப் பழகும் இயல்புள்ளவர்களாக இருந்தார்கள். முதலில் பின்வாங்குவார்கள், மறுபடி மறுபடி அதே இடத்துக்கு வந்தால் மெல்லக் கலந்துகொள்வார்கள். அவசரப்படுத்தினால் இன்னும் பின்வாங்குவார்கள். "போய் விளையாடு" என்று நீங்கள் சொல்லும்போது அவள் இன்னும் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்பே பூங்காவுக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே இருபது பேர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்குள் நுழைவதைவிட, தான் முதலில் இருந்து மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவது அவளுக்கு எளிது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போனால் அதே முகங்கள் கண்ணில் படும், மூன்றாவது நான்காவது வாரத்தில் யாராவது ஒரு குழந்தை அவளுக்குத் தெரிந்தவளாகிவிடுவாள். ஓரத்துப் பெஞ்சை விட்டு, மணல் பக்கமோ ஊஞ்சல் பக்கமோ ஆட்டம் நடக்கும் இடத்துக்கு அருகில் உட்காருங்கள். அவள் உங்களோடு ஒட்டி உட்காரட்டும், நீங்களும் சேர்ந்து வேடிக்கை பாருங்கள். "அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் எதிலே இருந்து ஒளிஞ்சு ஓடறான்?" என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் சரி. கையில் ஒரு வேலை இருந்தால் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தைரியம் வரும். தம்பி தோண்டும் குழிக்குத் தண்ணீர் கொண்டுவருவது, தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைவது போன்று ஏதாவது இருக்கட்டும். கட்டம் வரைந்துகொண்டிருக்கும் குழந்தையின் பக்கத்தில் இன்னொரு குழந்தை தானாக வந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் காதில் விழும்படி "இவ ரொம்பக் கூச்சம்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நம் வாயிலிருந்து அடிக்கடி கேட்பதைப் பிள்ளைகள் தங்கள் பெயரைப் போல ஏற்றுக்கொள்வார்கள். "அவளுக்குப் பழக கொஞ்ச நேரம் ஆகும்" என்பது போதும், அதுதான் உண்மையும்கூட. பள்ளியிலும் அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை, வீட்டில் கலகலவென்று பேசுபவள் வெளியில் மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை, முன்பு விரும்பியதையும் இப்போது தவிர்க்கிறாள் என்றால் நேரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் இப்போது எனக்கு அந்தக் கவலை இல்லை.

இதோடு சேர்த்து உங்களைப் பற்றியும் ஒன்று. சின்னவன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்காமல், இருவரும் தெரியும்படி ஓரிடத்தில் நிலையாக இருந்து பாருங்கள். அவன் உயரமாக ஏறும்போது மட்டும் கை எட்டும் தூரத்துக்குப் போய் நில்லுங்கள், வேலியோ கதவோ இல்லாத பூங்கா என்றால் எப்போதும் பக்கத்திலேயே இருங்கள். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் தாயைக் குழந்தையின் "பாதுகாப்பான தளம்" என்று விளக்கினார். குழந்தை அங்கிருந்து கிளம்பி உலகத்தைப் பார்க்கும், சந்தேகம் வந்தால் திரும்பி வரும், தெம்பு வந்ததும் மறுபடி போகும். ஓடும் குழந்தை நடுநடுவே திரும்பிப் பார்ப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அந்த நொடியில் உங்கள் கண் அவன்மேல் இருந்தால் அவனுக்கு அது போதும், இல்லையென்றால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். அதனால் கைபேசி பைக்குள் இருக்கட்டும். பூங்காவின் கதவருகே வந்ததும் அன்றைய உடுப்போடு இருவரையும் ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள். கூட்டத்தில் யாராவது கண்ணில் படாமல் போனால் தேட உதவும். "அம்மாவைக் காணோம்னா நின்ன இடத்துலேயே நின்னு சத்தமா கூப்பிடு, குழந்தையோட இருக்கிற ஒரு அம்மாகிட்ட சொல்லு" என்று மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

சரி, கிளம்பும் நேரத்துக்கு வருகிறேன்.

மூன்று வயதுக் குழந்தைக்கு "இன்னும் ஐந்து நிமிஷம்" என்பது பொருளில்லாத சொல். அவனுக்கு நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. நீங்கள் ஐந்து நிமிடம் என்று சொல்லிப் பத்து நிமிடம் விட்ட நாளும் இருக்கும், இரண்டே நிமிடத்தில் இழுத்துக்கொண்டு போன நாளும் இருக்கும். அவனைப் பொறுத்தவரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உலகத்திலேயே பிடித்த இடத்தைவிட்டு யாரோ தூக்கிப் போகிறார்கள். தரையில் புரள்வது அந்த வயதுக் குழந்தைக்குத் தெரிந்த எதிர்ப்பு. விரும்பும் ஒன்றை நடுவில் நிறுத்தி வேறொன்றுக்கு மாற உதவும் மூளைப் பகுதி அவனுக்கு இன்னும் பல வருடங்கள் வளர வேண்டியிருக்கிறது.

ஆகவே நேரத்தை எண்ணாமல் செயலை எண்ணுங்கள். தூரத்திலிருந்து கூவாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்: "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போறோம்." ஒவ்வொரு தடவையும் சேர்ந்து எண்ணுங்கள். "கடைசியா எதுல விளையாடணும், ஊஞ்சலா சறுக்குமரமா?" என்று கேளுங்கள். போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், எப்படி முடிப்பது என்பதை அவன் முடிவு செய்கிறான். மூன்று எண்ணி முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். பாவம் பார்த்து நான்காவது ஒன்று கொடுத்தால் அடுத்த வாரம் எண்ணிக்கைக்கு மதிப்பிருக்காது.

கிளம்புவதற்கு ஒரு சின்னச் சடங்கும் வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரம் இருக்கும், அதைக் கட்டிப்பிடித்து "போயிட்டு வரேன்" சொல்லலாம். தண்ணீர் பாட்டிலைச் சுமப்பது அவன் பொறுப்பு, கதவைத் திறப்பது அக்காவின் பொறுப்பு. குழியில் கிடைத்த ஒரு கல்லை வீட்டுக்கு எடுத்துப்போக அவன் கேட்டால் தயவுசெய்து அனுமதியுங்கள். பூங்காவின் ஒரு துண்டு கையில் இருக்கும்போது அதைவிட்டு வருவது எளிதாகிறது.

இதையெல்லாம் செய்தும் முதல் இரண்டு மூன்று வாரம் அழுவான். அப்போது பேரம் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம், அழும் குழந்தை காதில் அது ஏறாது. "இன்னும் விளையாட ஆசை. போக மனசில்லை. எனக்குப் புரியுது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தூக்கிக்கொண்டு நடங்கள். சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்களே என்று கூசாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் போன வாரம் இதே இடத்தில் இதையே செய்தவர்கள்.

"நீ வராட்டி இங்கேயே இரு, அம்மா போறேன்" என்பதை மட்டும் எந்தக் களைப்பிலும் சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். என் மகனுக்கு நான்கு வயது அப்போது. அன்று எனக்கு மிகுந்த களைப்பு, சொல்லிவிட்டு நாலடி முன்னால் நடந்தேன். உடனே ஓடிவந்துவிட்டான், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த பல வாரங்கள் அதே பூங்காவில் அவன் என் விரலை விடவே இல்லை. சறுக்குமரத்தின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, நான் அங்கேயே இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்று, இரண்டு மணி நேரம் மூன்று வயதுக்கு அதிகம். பசியும் தூக்கமும் களைப்பும் சேர்ந்த குழந்தையிடம் எந்த உத்தியும் பலிக்காது. முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில், அவன் இன்னும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எண்ணத் தொடங்கிவிடுங்கள். கிளம்புமுன் வீட்டில் சாப்பிடவைத்து, கழிப்பறைக்கு அனுப்பி அழைத்துப் போங்கள். தண்ணீரை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நடுநடுவே கொடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது, அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலேயே இருந்தால் அழுகை குறையலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடல் இயக்கத்தையும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதையும் பரிந்துரைக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும். நான்கு சுவருக்குள் இது கடினம். கண்ணுக்கும் வெளியே போவது தேவை. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க நேரம் ஒதுக்கினார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல் படித்த மற்றவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கு. 2015இல் வெளியான ஆய்வு அது. வெளியில் நிழலில் நின்றால்கூட வீட்டு விளக்கைவிடப் பலமடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், கண் அளவுக்கு மீறி நீளமாகிக் கிட்டப்பார்வை வருவதைத் தடுக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இதற்காக உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை, காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ போனால் போதும்.

அவரையும் ஒருநாள் கூட அழைத்துப் போங்கள். ஒருவர் குழி தோண்டுபவனோடு, ஒருவர் வேடிக்கை பார்ப்பவளோடு. இரண்டு வேறு வேகத்தில் இருக்கும் பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிப்பதே உங்கள் சிடுசிடுப்புக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். அவரால் வர முடியாத வாரத்தில், முடிந்தால் ஒரு நாள் மகளை மட்டும் தனியாகக் கூட்டிப் போங்கள்.

ஞாயிறு ஒன்றை மட்டும் நம்பியிருப்பதால் அந்த ஒரு நாள்மேல் எதிர்பார்ப்பு ஏறிவிடுகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பூங்கா இருக்கிறது என்கிறீர்கள். வார நாளில் ஏதாவது ஒரு மாலை, வேலையிலிருந்து வந்த உடுப்போடே, அரை மணி நேரம் போய்வாருங்கள். கிண்ணமும் கரண்டியும் ஒரு பையில் போட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் தயாராகத் தொங்கட்டும். ஒரு மாதம் இப்படிப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். குறிப்பாக மகள் பெஞ்சைவிட்டு எழுந்த முதல் நாளைப் பற்றி எழுதுங்கள், காத்திருப்பேன்.